லூசியின் கண்சிமிட்டல்

கொல்லும் சக்தி படைத்த குழந்தையைப் பற்றிய பழைய திகில் காமிக்ஸ்களில் பெரும்பாலும் ஒரு பேயோ மந்திரமோ காரணமாக வந்து நின்றுவிடுவதால், அந்தக் குழந்தையைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டிய சங்கடம் நமக்கு நேர்வதில்லை. அமெரிக்காவின் ஈ.சி. காமிக்ஸ் நிறுவனம் 1954இல் 'ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ்' 14ஆம் இதழில் வெளியிட்ட 'தி ஆர்ஃபன்' கதை அந்தச் சலுகையைத் தருவதில்லை. அதனாலேயே அக்காலத் திகில் கதைகளில் அதைத்தான் மிகக் கொடியது என்பேன்.

கதையை லூசி என்ற சிறுமியே சொல்கிறாள். தந்தை குடிகாரர், தாய்க்கு மகள்மீது பாசமில்லை, ஸ்டீவ் என்ற காதலன் இருக்கிறான். ஓரிரவு தந்தை சுடப்பட்டு இறக்கிறார். துப்பாக்கி தாயின் கையில் இருக்கிறது. லூசி நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல, தாயும் ஸ்டீவும் மின்சார நாற்காலிக்குப் போகிறார்கள். அன்பான அத்தையின் வீட்டில் குடியேறிய பிறகுதான், படுக்கையறைச் சன்னலிலிருந்து சுட்டதும், மயங்கிக் கிடந்த தாயின் கையில் துப்பாக்கியை வைத்ததும் தானே என்று நம்மிடம் சொல்லிக் கண்சிமிட்டுகிறாள். துப்பாக்கியால் அவள் கொன்றது ஒருவரை. மற்ற இருவரையும் கொன்றது, குழந்தை பொய் சொல்லாது என்ற பெரியவர்களின் நம்பிக்கை.

படம் வரைந்தவர் ஜாக் காமென். அழுகிய பிணங்களை வரைந்த கிரகாம் இங்கெல்ஸைக் கொண்டாடும் ரசிகர்கள் பலர் காமெனைச் சப்பென்று இருப்பதாக ஒதுக்குவார்கள். (எனக்கும் இங்கெல்ஸைப் பிடிக்கும், அது வேறு விஷயம்.) ஆனால் இந்தக் கதையை இங்கெல்ஸ் வரைந்திருந்தால் முதல் கட்டத்திலேயே லூசியின் முகம் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கும். காமெனின் லூசியோ விளம்பரப் படத்துக் குழந்தைபோல் துப்புரவாக இருக்கிறாள். நீதிமன்றம் நம்பிய அதே முகத்தை நாமும் கடைசிப் பக்கம்வரை நம்புகிறோம்.

1954 ஏப்ரலில், சிறார் குற்றங்கள் குறித்து நியூயார்க்கில் நடந்த செனட் துணைக்குழு விசாரணையில் இந்தக் கதையும் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த காமிக்ஸ் நெறிமுறைகள், நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும், பெற்றோர்மீது மரியாதை வளர்க்கப்பட வேண்டும் என்றன. சிறுவர் கையில் இந்த இதழைக் கொடுக்க நானும் தயங்குவேன். அந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் லூசியின் வாக்குமூலம் வரும் முடிவை மட்டும் வெட்டிவிட்டுப் பாருங்கள்: கணவனைக் கொன்ற மனைவியும் கள்ளக்காதலனும் பிடிபடுகிறார்கள், நீதிமன்றம் தண்டிக்கிறது, அநாதைக் குழந்தைக்கு நல்ல வீடு கிடைக்கிறது. அந்த விதிகளுக்கு ஏறக்குறைய முழுமையாகப் பொருந்தும் கதை அது. நிரபராதிகள் இருவர் அதில் செத்துப்போகிறார்கள்.