ஆமாம், அது நான்தான்

அலுவலகக் குழுவில் சுற்றும் அந்தப் படத்தை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பது நான்தான். லேசாகத் திறந்திருக்கும் வாயும் என்னுடையதுதான். "கொடுத்து வைத்த மகராசி" என்று கீழே எழுதியவருக்கும், அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்ட 32 பேருக்கும் வணக்கம்.

அப்போது மணி 1.20. மதிய இடைவேளை. சாப்பிட எனக்குப் பத்து நிமிடம் போதும், மிச்ச நேரம் என்னுடையது. அதில் நான் ஊர்வம்பு பேசலாம், கைபேசியைத் தேய்த்துக்கொண்டு இருக்கலாம், அடுத்தவர் தூங்குவதைப் படம் எடுக்கலாம். அதெல்லாம் யார் கண்ணையும் உறுத்தாது. நான் கண்ணை மூடினால் மட்டும் உறுத்துகிறது.

ஓய்வும் வேலையில் ஒரு பகுதிதான். இதைப் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது, பதினோராவது தடவையும் சொல்கிறேன்.

நெடுந்தூர விமானங்களில் நாசா ஒரு ஆய்வு செய்தது. விமானிகளுக்கு முறை வைத்து, இருக்கையிலேயே 40 நிமிடம் ஓய்வுக்கு ஒதுக்கினார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அப்படித் தூங்கியவர்கள்தான், தூங்காதவர்களைவிடத் தரையிறங்கும் நேரத்தில் விழிப்பாக இருந்தார்கள். நான் விமானம் ஓட்டவில்லை, கணக்குத்தான் பார்க்கிறேன். அதற்கும் அதே மூளைதான் வேண்டியிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயம். நான்கு இரவுகள் சரியாகத் தூங்கவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு தடவை பணம் அனுப்பிவிட்டேன். திரும்ப வாங்குவதற்குள் இரண்டு வாரம் போயிற்று, மானமும் போயிற்று. அந்த வாரம் முழுக்க என்னை யாரும் படம் எடுக்கவில்லை. ஏன் எடுக்கப்போகிறார்கள், கண் திறந்திருந்ததே! "ராத்திரி பகலா உழைக்கிறாள்" என்று பாராட்டு வேறு.

என் அப்பா தையல்காரர். அளவெடுத்து, துணியில் கோடு போட்டு முடித்ததும் கத்தரியைக் கையில் எடுக்க மாட்டார். வாசல்படியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். பள்ளித் தோழிகள் அந்தப் பக்கமாக வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும், அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்களே என்று. ஒருநாள் கேட்டேவிட்டேன். "கண் கொஞ்சம் ஆறட்டும்மா. தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைக்கலாம், தப்பா வெட்டினா ஒட்ட முடியாது" என்றார். அவரை நினைத்து வெட்கப்பட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அதை அவரிடம் சொல்ல அவர் இல்லை.

சரி, பின்னூட்டங்களுக்கு வருவோம்.

"உழைத்து எவனும் செத்ததில்லை" என்று ஒருவர். ஐயா, உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்ததோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016இல் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். உங்கள் வாக்கியத்தை அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

"வீட்டில் தூங்க வேண்டியதுதானே?" வீட்டிலா? நல்ல யோசனை. வீட்டில் நான் உட்கார்ந்தாலே "உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்கள். காய்ச்சல் என்றால்தான் படுக்க அனுமதி.

"எல்லாருக்கும் இடைவேளை கிடைப்பதில்லை, உங்களுக்குக் கிடைக்கிறது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான் தம்பி. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 1948ஆம் வருடத்து மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது பிரிவு ஓய்வு எல்லோருக்குமான உரிமை என்கிறது. காகிதத்தில் இருக்கிறது. ஆனால் உங்களுக்குக் கிடைக்காததற்கு நான் விழித்திருப்பது எப்படிப் பரிகாரமாகும்?

முன்னோர்களின் உழைப்பைப் பற்றிப் பாடம் எடுத்த மூவருக்கும் பதில் இல்லை. நேரமில்லை, தூக்கம் வருகிறது.

இன்னொன்று. போன மாதம் ஒரு கூட்டத்தின் நடுவில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் கண்ணயர்ந்தார். குறட்டைகூட லேசாகக் கேட்டது. "பாவம், எவ்வளவு வேலையோ" என்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். நானும்தான். அவர் தூங்கினால் களைப்பு, நான் தூங்கினால் சோம்பேறித்தனம். அவர் தூங்கியது வேலை நேரத்தில், நான் தூங்கியது என் நேரத்தில். இந்த வித்தியாசம் அந்த 32 பேரில் ஒருவருக்குமா தெரியவில்லை?

படத்தை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். கோணத்தைப் பார்த்தாலே எந்த நாற்காலியிலிருந்து எடுத்தது என்று தெரிகிறது. அவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் அவருடைய வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது யார்? சரி விடுங்கள், செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாதாம். தூங்குகிறவரைப் படம் எடுத்துப் பரப்பலாமாம், அதை மட்டும் வெளியே சொல்லிவிடக் கூடாதாம்.

பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு எழுப்பியிருக்கலாம். "என்ன ஆச்சு, ராத்திரி தூங்கலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தூங்கவில்லைதான்.

படம் இன்னும் குழுவில்தான் இருக்கிறது. நாளைக்கும் 1.20க்குத் தலை சாய்ப்பேன். எடுக்கிறவர் சன்னல் பக்கமாக வந்து நின்று எடுங்கள், போன தடவை முகத்தில் நிழல் விழுந்துவிட்டது.