1909-ல் பதிந்தால் ஓடிபி நிற்காது

விளம்பரத் தொல்லையை நிறுத்தப் பதியும் எண்ணான 1909 பற்றி, 'அதில் பதிந்தால் வங்கி ஓடிபியும் புயல் எச்சரிக்கையும் வராது' என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு, அண்ணே. அந்தப் பதிவு தடுப்பது விளம்பர அழைப்பு, விளம்பரக் குறுஞ்செய்தியை மட்டும்தான். ஓடிபி, வங்கிக் கணக்குத் தகவல், அரசு எச்சரிக்கை எதையும் அது தொடாது. பாம்பனில் நானே பதிந்திருக்கிறேன். கடலுக்குப் போக வேண்டாம் என்ற செய்தி ஒழுங்காக வருகிறது.

சரி, தொல்லை முழுக்க ஒழிந்ததா? இல்லை. நேற்றுகூட வலையில் நண்டு கழற்றும்போது, ஈரக்கையோடு எடுத்தால், 'உங்களுக்குக் கடன் தயார்' என்று பதிவுக்குரல். பதிவு பெற்ற விளம்பர நிறுவனங்கள் அழைக்கும், 140-ல் தொடங்கும் எண் அல்ல; சாதாரணப் பத்து இலக்க எண். அப்படி விளம்பர நிறுவனமாகப் பதியாத ஆட்கள் இப்படித்தான் நுழைகிறார்கள். அதற்கு நம் 1909 பதிவு போதாது, புகார் வேண்டும்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) செயலியிலோ 1909-லோ, ஏழு நாளுக்குள். எண்ணை பிளாக் செய்தாலும் அடுத்த எண்ணிலிருந்து அதே குரல்தான் வரும்.