சொந்த சரக்கு எங்கன்னு கேட்டவருக்கு

ரெண்டு நாளா வாயை மூடிட்டு இருந்துடலாம்னு தான் பாத்தேன். முடியல. சனிக்கிழமை ஆழ்வார்பேட்டைல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், அந்த வீடியோ வராத வாட்ஸ்அப் குரூப்பே இல்ல, அதனால திரும்பக் கதை சொல்லப் போறதில்ல. பேரும் சொல்ல மாட்டேன், சொன்னா அதுக்கு ஒரு பதிவு போடுவாரு. ஆனா முதல் ஜாஸ் ஆல்பம் வெளியிட்டு மேடைல கை நடுங்க நிக்கற பொண்ணுகிட்ட, மைக்க கேட்டு வாங்கி, "எல்லாம் 80 வருஷத்துப் பழைய பாட்டு, இதுல உங்க சொந்த சரக்கு என்னம்மா"ன்னு கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் "ஐநூறு ரூபாய்க்கு கரோக்கி"ன்னு ஸ்டேட்டஸும் போட்டிருக்காரே, அந்த ஐநூறு ரூபாயாவது குடுத்தாரா? இலவச பாஸ்ல வந்தவர் சார் அவரு.

அந்தப் பழைய பாட்டுங்களுக்குப் பேரு ஸ்டாண்டர்ட்ஸ். ஜாஸ் பாடறவங்க, வாசிக்கறவங்க எல்லாருக்கும் பொதுச் சொத்து மாதிரி. அதுல நிறைய பாட்டு அந்தக் காலத்துல நியூயார்க் பிராட்வே இசை நாடகத்துக்கும் ஹாலிவுட் படத்துக்கும் எழுதினது. பழசுன்னு தெரிஞ்சு தான் பாடறாங்க, பழசுங்கறதால தான் பாடறாங்க. நூறு பேர் பாடின பாட்டுல நீ என்ன பண்றேங்கறது தான் பரீட்சையே.

மார்கழில இதே மனுஷன் சபா சபாவா, கேன்டீன் கேன்டீனா ஏறி இறங்குவாரு. தியாகராஜர் மறைஞ்சது 1847. ஏதாவது ஒரு வித்வான்கிட்ட போய் "பழைய கீர்த்தனையா பாடறீங்களே, சொந்த சரக்கு எங்க"ன்னு கேப்பாரா? அங்க மட்டும் "தோடி எப்படி இருந்துது பாத்தியா"ன்னு உருகத் தெரியுது. எம்.டி.ராமநாதன் ஆற அமர சௌக்க காலத்துல பாடுவாரு, ஜி.என்.பி. வேக வேகமா பிருகாவா உதிர்ப்பாரு, பாடினது அதே தியாகராஜரை தானே, அது கரோக்கியா?

'பாடி அண்ட் சோல்'னு 1930ல வந்த பாட்டு, இவ ஆல்பத்துல நாலாவது. முதல் எட்டு பார் (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு) ஒரு மெட்டு, அடுத்த எட்டு அதே மெட்டு, மூணாவது எட்டு வேற, கடைசில பழைய மெட்டுக்கே திரும்பி வரணும், மொத்தம் 32. அந்த மூணாவது எட்டுல ஸ்ருதியே அரை ஸ்வரம் மேல தாவிடும், பாடறவங்க வழுக்கி விழற இடம். 1939ல கோல்மன் ஹாக்கின்ஸ் இதை சாக்ஸபோன்ல ரெக்கார்ட் பண்ணப்போ மெட்டை ஆரம்பத்துல லேசா தொட்டுட்டு மிச்சத்துக்கு தன் கற்பனைல போயிட்டே இருப்பாரு, கேட்டா நம்ம ஊர் ராக ஆலாபனை ஞாபகம் வரும். இந்தப் பொண்ணு என்ன பண்ணிருக்கா தெரியுமா, சரியா அந்த எட்டு பார்ல பியானோவ நிறுத்தச் சொல்லிட்டா. டபுள் பேஸ்ங்கற பெரிய தந்தி வாத்தியம் மட்டும். பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம, தாளத்துக்கு ஒரு இழை பின்னாடியே தள்ளித் தள்ளி பாடிட்டு வந்து, கரெக்டா பழைய ஸ்ருதில இறங்கறா. அது தான் சார் சொந்த சரக்கு. உங்களுக்கு அது கேக்கல, ஏன்னா நீங்க அப்போ ஃபோன்ல இருந்தீங்க, நான் பின் வரிசைல தான் உக்காந்திருந்தேன்.

முதல் ஆல்பம்னா சொந்தப் பாட்டு வேணும்னு சட்டம் பேசறவங்களுக்கு: ஜாஸ் ட்ரம்பெட் வாசிச்ச சேட் பேக்கர் பாடகரா போட்ட முதல் ஆல்பம் 1954. அதுல ஒரு பாட்டு கூட அவர் எழுதினது இல்ல. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956ல கோல் போர்ட்டர்ங்கற பாடலாசிரியரோட பாட்டா ரெண்டு ரெக்கார்டு நிறைய பாடினாங்க. அவங்களையும் கரோக்கி லிஸ்ட்ல சேத்துக்கோங்க. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டோட சாயல் இவகிட்ட இருக்குன்னு ஒருத்தர் கமெண்ட். ஒரு பாட்டுல இருக்கு, இருந்துட்டுப் போகுது.

"சென்னைல இங்கிலீஷ் பாட்டு யாருக்கு, மேட்டுக்குடி பொழுதுபோக்கு"ன்னு வேற. இது கொஞ்சம் நியாயம் தான், ஹாலை சுத்திப் பாத்தேன், பெரம்பூர்லேர்ந்து வந்தது நான் மட்டும் தான் போல. ஆனா 'ஆட்டம் லீவ்ஸ்'னு ஒரு ஸ்டாண்டர்ட், அதோட மெட்டு பாரிஸ்ல ஒரு ஹங்கேரிக்காரர் போட்டது, முதல்ல பிரெஞ்சு, இங்கிலீஷ் வார்த்தை பின்னாடி வந்தது. தியாகராஜர் எழுதினது தெலுங்கு, மயிலாப்பூர்ல எத்தன பேருக்கு முழுசா அர்த்தம் தெரியும்?

அப்புறம் பெரம்பூர்ல எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு யார் சொன்னது. எங்க தெருவுல ரயில்வேல வேலை பாத்த ஆங்கிலோ இந்தியன் குடும்பம் இருந்துச்சு, பாட்டு கிளாஸ் முடிஞ்சு வர்றப்போ அந்த ஆன்ட்டி வீட்டு வாசல்ல நின்னுடுவேன், உள்ள ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயோட ரெக்கார்டு ஓடும். வார்த்தை புரியாது. ஆனா அந்தம்மா தாளத்துக்கு வேணும்னே லேட்டா வர்றது மட்டும் எனக்குப் புரிஞ்சுது. ஒரு நாள் கிளாஸ்ல கல்யாணில அப்படி ஒரு இடத்தை இழுத்துப் பாடினேன். 13 வயசு. டீச்சர் தம்பூராவ நிறுத்திட்டு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, "உன் சொந்த சரக்கை யாருடி கேட்டா?" அந்த வருஷ ஆண்டு விழால நான் பாடல, பின் வரிசைல தம்பூரா போட்டேன். அதுக்கப்புறம் கிளாஸுக்கும் போகல.

அப்போ சொந்த சரக்கு இருந்தா தப்பு, இப்போ இல்லன்னா தப்பு. பாடறது பொண்ணுன்னா ரெண்டு பக்கமும் கேள்வி கேக்க ஒரு ஆள் மைக்கோட ரெடியா நிக்கறாரு.

ஆமா, அவ எனக்குத் தெரிஞ்ச பொண்ணு தான். அதனால என்ன? அன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு ஃபோன் பண்ணா, அழுவாளோன்னு பயந்துட்டே எடுத்தேன். "அக்கா, அந்த எட்டு பார் ஸ்ருதி சேந்துச்சா?" அவ்ளோ தான் கேட்டா. இவரப் பத்தி பேச்சே இல்ல. எனக்குத் தான் தூக்கம் வரல.

"இவ்ளோ தெரிஞ்சவங்க நீங்களே பாட வேண்டியது தானே"ன்னு கமெண்ட் டைப் பண்ணிட்டு இருக்கறவங்க மேல இருக்கற அந்தப் பாட்டு கிளாஸ் பாராவ இன்னொரு தடவ படிங்க. சாருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள், அந்த ஐநூறு ரூபாய அவளுக்கு ஜிபே பண்ணிடுங்க. நம்பர் இன்பாக்ஸ்ல தர்றேன்.