சில்லு கெடவில்லை, தரவுதான் பழையது
"மென்பொருளைப் புதுப்பித்தால் கடிகாரத்தின் ஜிபிஎஸ் சில்லு கெட்டுவிடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது தவறு, இதை நம்பி யாரும் நல்ல கடிகாரத்தை விற்றுவிட வேண்டாம். புதுப்பிக்கும்போது சேமித்துவைத்த செயற்கைக்கோள் பாதைத் தரவு அழிந்துபோகலாம், அவ்வளவுதான். கைபேசியுடன் இணைத்தால் புதிதாக இறங்கிவிடும். இணைக்காவிட்டால் வானத்திலிருந்துதான் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது; எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப்பட்டியலும் முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும்.

புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில் மலையும் மரங்களும் வானத்தை மறைக்கின்றன. அங்கே நின்று ஓட்டத்தைப் பதியும் பொத்தானை அழுத்தினால், வரைபடத்தில் நாம் ஓடிய வழியைக் காட்டும் கோடு காட்டுக்குள்தான் பாயும். எனக்கும் பாய்ந்தது. இப்போது கீழே வயல் ஓரத்தில், திறந்த வெளியில், சில நிமிடம் நின்றுவிட்டே ஓடத் தொடங்குகிறேன். கோடு சாலையிலேயே நிற்கிறது.