கொல்லன் தெருவில் ஊசி விற்கும் ஸ்கில்கள்

ஏஐ ஏஜென்ட்டுக்கு ஸ்கில் எழுதுகிறேன் பேர்வழி என்று எங்கள் ஆஃபீஸில் நடக்கிற கூத்தைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஏஐ ஏஜென்ட் என்பது நாம் சொன்ன வேலையைத் தானே ஃபைலைத் திறந்து, படித்து, செய்து முடிக்கும் ஏஐ. ஸ்கில் என்பது அதற்கு வேலை சொல்லித்தரும் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். உள்ளே ஸ்கில்.எம்டி என்று ஒரு ஃபைல். அதன் தலையில் பெயரும் டிஸ்க்ரிப்ஷனும் இருக்கும்; கீழே வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகள். வேண்டுமானால் பைத்தான் ஸ்கிரிப்ட், டெம்ப்ளேட் எல்லாம் கூடவே வைத்துக்கொள்ளலாம். 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் ஏஐயான கிளாடுக்காகக் கொண்டுவந்தது. அந்த டிசம்பரிலேயே யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம் என்று பொது வரையறையாக வெளியிட்டுவிட்டார்கள். ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தால், டீமில் எல்லோருடைய ஏஜென்ட்டும் அதே வேலையை அதே மாதிரி செய்யும். நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் எழுதுகிறவர்கள் மேல்தான். எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? ஏஐயிடமே போய், "மாதாந்திர விற்பனை ரிப்போர்ட்டுக்கு ஒரு ஸ்கில் எழுதிக் கொடு" என்கிறார்கள். அதுவும் பாவம், தனக்குத் தெரிந்ததையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தருகிறது. ஒரு வரி படிக்காமல் அதை அப்படியே டீமின் பொதுக் கோப்புக் கிடங்கான ரெப்போவில் தள்ளிவிட்டு, 'ஸ்கில் ரெடி' என்று குரூப்பில் ராக்கெட் எமோஜி வேறு. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது இதுதான். அதிலும் இவர்கள் விற்பது அந்தக் கொல்லன் அடித்துக் கொடுத்த ஊசியையே!

போன மாதம் அந்த ரிப்போர்ட் ஸ்கில்லைத் திறந்து பார்த்தேன். முதல் பத்தி, எக்செல் என்றால் என்ன. அடுத்தது, தரவைச் சரிபார்ப்பதன் முக்கியத்துவம். அதற்கடுத்து, 'தெளிவாகவும் பிழையின்றியும் எழுதவும்'. ஏனப்பா, சொல்லாவிட்டால் அது வேண்டுமென்றே பிழையோடு எழுதப் போகிறதா? இத்தனை பக்கத்தில், எங்கள் முதல் காலாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்ற ஒரு வரி இல்லை. ஏஜென்ட் என்ன செய்யும்? ஜனவரியிலிருந்து மார்ச் வரை கூட்டிப் போட்டு, முதல் காலாண்டு என்று தலைப்பும் வைத்து, கலர் கலராகச் சார்ட்டும் போட்டுக் கொடுத்தது. தொகையெல்லாம் மில்லியனில். இங்கே யார் மில்லியனில் கணக்குப் பார்க்கிறார்கள்? லட்சம், கோடியில்தான் கேட்பார்கள் என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வந்த சரக்கை விற்பனையில் கழிக்க வேண்டும் என்பதும், ஒரு கிளையிலிருந்து வரும் ஷீட்டில் மட்டும் தேதியில் மாதம் முன்னால் வரும் என்பதும் அவருக்கு அத்துப்படி. எழுத வேண்டியதே அதுதான். அதை மட்டும் விட்டுவிட்டார். கடைசியில் ராத்திரி உட்கார்ந்து அத்தனை எண்ணையும் திருத்தியது யார்? நான்.

டிஸ்க்ரிப்ஷன் கதை இதைவிட மோசம். ஏஜென்ட் எடுத்தவுடன் எல்லா ஸ்கில்லையும் முழுக்கப் படிப்பதில்லை. பெயரையும் டிஸ்க்ரிப்ஷனையும் மட்டும்தான் கையில் வைத்திருக்கும். வேலை வரும்போது அதைப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்த ஃபைலைத் திறக்கும். இதற்காகவே 1024 எழுத்து வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆள் எழுதியது, 'ரிப்போர்ட்டுக்கு உதவும்'. எந்த ரிப்போர்ட்டுக்கு? யார் என்ன கேட்டால் திறக்க வேண்டும்? ஒன்றும் கிடையாது. அப்புறம், "ஏஜென்ட் என் ஸ்கில்லை எடுக்கவே மாட்டேன் என்கிறது" என்று மாடல் மேல் பழி. இன்னொருவர் நேர்மாறு. 'எக்செல், சிஎஸ்வி எது வந்தாலும் கட்டாயம் இதையே பயன்படுத்தவும்' என்று போட்டு வைத்திருக்கிறார். இப்போது லீவ் பட்டியலைக் கேட்டால்கூட அவருடைய விற்பனை ஸ்கில் முந்திக்கொண்டு ஓடி வருகிறது.

வேறொரு மகானுபாவர் ப்ராசஸ் மேனுவல் முழுவதையும் ஸ்கில்.எம்டியில் காப்பி அடித்து ஒட்டிவிட்டார். 500 வரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நீளமான விவரங்களைத் தனி ஃபைலில் போட்டு, தேவைப்படும்போது படி என்று சொல்லுங்கள் என்று ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? அந்த ஸ்கில் ஒருமுறை திறந்தால் போதும், டோக்கனெல்லாம் (ஏஐ படிக்கும் சொல் துண்டுகள்; ஒரு நேரத்தில் இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு) அதிலேயே கரைந்து, நாம் கேட்டது எங்கோ அடியில் போய்விடுகிறது.

ஸ்கிரிப்ட் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. உள்ளே கொடுத்திருக்கும் ஃபைல் பாத் (ஃபைல் இருக்கும் இடம்) என்ன தெரியுமா? சி டிரைவ், யூசர்ஸ், அவருடைய பெயர், டெஸ்க்டாப், 'நியூ ஃபோல்டர் 2'. இதுதான் எல்லோரும் பயன்படுத்துவதற்கான ஸ்கில்! அவருடைய லேப்டாப்பைத் தவிர உலகத்தில் எங்கேயும் ஓடாது. இணையத்தில் கிடைத்த ஸ்கில்லை ஸ்கிரிப்ட்டோடு அப்படியே இறக்கிப் போடுகிறவர்கள் தனி ரகம். அந்த ஸ்கிரிப்ட் ஓடப்போவது நம் மெஷினில், நம் அனுமதியில். வாடிக்கையாளர் ஃபைலும் அதே மெஷினில்தான் இருக்கிறது. திறந்து பாருங்கள் என்றால், "நிறைய ஸ்டார் வாங்கியிருக்கே" என்கிறார்கள்.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் மேலிடத்தில் இப்போது டார்கெட் வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை ஸ்கில் போட்டார்கள் என்று டேஷ்போர்டு. எத்தனை வேலை செய்கிறது என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. சும்மா விடுவார்களா? ஒரே ஸ்கில்லை ஐந்தாக வெட்டி ஐந்து கணக்குக் காட்டுகிறார் ஒருவர். ஐந்திலும், எக்செல் என்றால் என்ன என்ற பத்தி பத்திரமாக இருக்கிறது.

ஐந்தும் என் ரிவ்யூவுக்குத்தான் வந்து நிற்கின்றன. போன மாத ஃபைலை வைத்து, வேறொருவர் லேப்டாப்பில் ஓட்டி, ஏப்ரலிலிருந்து கூட்டிக் காட்டும்வரை ஒன்றையும் ரெப்போவில் சேர்க்க, அதாவது மெர்ஜ் செய்ய, போவதில்லை. எஸ்கலேட் பண்ணுகிறவர்கள் தாராளமாகப் பண்ணலாம்.