அதைப் பனி என்று சொல்லாதீர்கள்

குளிர்காலம் வந்துவிட்டால் காலையில் சன்னலைத் திறக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு நகரத்தில் குடியிருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அந்த மலைகளைக் கண்ணால் பார்த்தே பல நாள்களாகின்றன என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? மாடியில் உலர்த்திய துணியில் எரிந்த நெகிழியின் நாற்றம் அடிக்கிறது. "இந்த ஆண்டு பனி கொஞ்சம் அதிகம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பனிக்கு ஏது நாற்றம்? பனி எங்கேயாவது தொண்டையைக் கரிக்குமா? முந்தைய நாள் மாலை வாசலில் சருகையும் பாலித்தீன் பைகளையும் குவித்துக் கொளுத்தியவரே அவர்தான்.

கேட்டால், புகை மேலே போய்விடும் என்கிறார். எங்கே போகும்? உயரே செல்லச் செல்லக் காற்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்வதுதான் வழக்கம்; அதனால்தான் சூடான புகை எழும்பிக் கலைகிறது. மேகமற்ற குளிர்கால இரவிலோ தரை விரைவாகச் சூட்டை இழக்க, சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று கீழே வழிந்து ஊருக்குள் தேங்க, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடியிட்டதுபோல் அமர்ந்துவிடுகிறது. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். சுற்றிலும் மலை மறிப்பதால் பக்கவாட்டிலும் புகைக்கு வழியில்லை. வெயில் ஏறித் தரை சூடாகும்வரை மூடி விலகாது. சில வேளைகளில் நாள்கணக்கிலும் விலகாது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூடி விழும் அந்தியிலும் அது இறுகிக் கிடக்கும் விடியலிலும்தான் இந்த ஊர் தீ மூட்டுகிறது.

இது வீண் அச்சமன்று. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் இப்படி ஆலைப்புகை அடைபட்டு ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோராவில் 20 பேர்.

இங்கே அதிகாரிகளின் அக்கறையோ, மூடி தளர்ந்துவிட்ட நண்பகலில் சாலையில் தண்ணீர் தெளிப்பதோடு முடிந்துவிடுகிறது. எரிக்கத் தடை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதே பலகையின் அடியில் கூட்டிய குப்பை விடியற்காலையில் எரிகிறது. குப்பை வண்டி ஒழுங்காக வராதபோது மக்கள் வேறென்ன செய்வார்கள் என்று கேட்பவர்களின் நியாயம் எனக்கும் புரிகிறது, ஆனால் என் வீட்டுக் குழந்தையின் இருமலுக்கு அது புரியவில்லை. சன்னலைச் சாத்தியும் பயனில்லை, 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள புகைத்துகளுக்குக் கதவிடுக்கே அகலமான வாசல்.

எரித்தே தீருவேன் என்றால் நண்பகலிலாவது எரியுங்கள் என்று நேற்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். இப்படிக் கேட்கும் நிலைக்கு வந்ததற்கு வெட்கப்படுகிறேன். வெயிலில் நெருப்பருகே நிற்க முடியாதாம், மாலையில் என்றால்தான் இதமாக இருக்குமாம்.