ரான் டாட்டின் 188 கோல்: எந்த லீக்கில்?

"ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் ஒரே சீசனில் அதிக கோல் அடித்தவர் காலிங்வுட் அணியின் ரான் டாட், 188 கோல்" என்று ஒரு ஃபார்வர்டு மெசேஜ் சுற்றுகிறது (இது சாக்கர் இல்லை, ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஃபுட்பால்). எண் சரிதான், ஆனால் அணியும் லீக்கும் தவறு.

டாட் காலிங்வுட்டுக்கு ஆடியபோது 1938-இல் 120, 1939-இல் 121 கோல் அடித்தார். 1940-இல் கிளப்பின் அனுமதி இல்லாமலே அங்கிருந்து கிளம்பி, மெல்போர்ன் மேற்கில் கடலோரம் இருக்கும் வில்லியம்ஸ்டவுனின் அணிக்குப் போய்விட்டார். அந்த அணி ஆடியது வி.எஃப்.ஏ. (விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷன்) என்ற வேறு போட்டியில், பந்தைக் கையால் எறிந்து பாஸ் செய்யவும் அப்போது அங்கே அனுமதி இருந்தது. போரால் 1942 முதல் 1944 வரை அந்தப் போட்டியே நடக்கவில்லை, அப்புறம் 1945-இல் திரும்பி வந்து அந்த 188 கோலையும் அடித்து கிளப்புக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு பெரிய சாதனை! அதை வில்லியம்ஸ்டவுனிடமிருந்து பறிப்பது நியாயமே இல்லை.

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் (ஏ.எஃப்.எல்., முன்பு வி.எஃப்.எல்.) ஒரு சீசன் சாதனை 150 கோல்: 1934-இல் பாப் பிராட், 1971-இல் பீட்டர் ஹட்சன். ஏ.எஃப்.எல். டேபிள்ஸ் தளத்தில் இதைப் பார்க்கலாம், 1945 செய்திகளை ட்ரோவ் நாளிதழ்த் தொகுப்பில் தேடலாம். அந்த மெசேஜ் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.